சிவப்பு நூல் கட்டிய பாக்கெட்

மருமகளிடம் கடை போனைத் தூக்கிக் கொடுத்து, "பார்க்கலாம், எட்டு நிமிஷமா எம்பது நிமிஷமான்னு" என்று கல்லாம்மா சொன்னதோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். அதற்குள் அவளைக் கொடுமைக்கார மாமியார் என்று தீர்மானம் பண்ணி எனக்கு எழுதிய மூன்று பேருக்கும் ஒரு வார்த்தை. அவசரப்படாதீர்கள். அவள் வாய்தான் அப்படி.

புதிதாகப் படிக்க உட்கார்ந்தவர்களுக்காக நாலு வரி. தெருமுனையில் ஒரு மளிகைக்கடை, அதன் பின்பக்கம் வீடு. முப்பது வருஷமாகக் கடைக்காரர் பொட்டலம் மடிக்கிறார், மனைவி கல்லாவில் உட்கார்ந்திருக்கிறாள். அதனால்தான் தெருவுக்கே அவள் கல்லாம்மா. ஒரே மகன். எட்டு மாதத்துக்கு முன்னால் கல்யாணமாகி வந்த மருமகள். பின்தெருவில் ஆன்லைன் கம்பெனி ஒன்று கோடவுன் திறந்ததிலிருந்து கடையில் கூட்டம் பாதியாகிவிட்டது. போனில் தட்டினால் எட்டு நிமிஷத்தில் ஆரஞ்சுச் சட்டைக்காரன் வாசலில் நிற்கிறான். அப்புறம் யார் பையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வருவார்கள்?

மருமகள் கல்யாணத்துக்கு முன் அதே மாதிரி ஒரு கோடவுனில் மூன்று வருஷம் பாக்கிங் பார்த்தவள். கல்லாம்மா அவளுக்கு வைத்த பெயர் ஸ்கேனர். அவள் அதைக் கேட்டுச் சிரித்துக்கொள்வாள். அவர்கள் செய்வதை நாமும் செய்யலாம், இந்தத் தெரு நமக்குத்தான் தெரியும், நாம் ஆறு நிமிஷத்தில் கொடுக்கலாம் என்று ஒரு மாதமாக மாமனாரைக் கரைத்து, போன வாரம்தான் சம்மதம் வாங்கினாள். மகன் இதில் எதிலும் பட்டுக்கொள்ளவில்லை. கொஞ்ச நாளாக இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, பைக்குக்கு ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கப் போகிறேன் என்று கிளம்பிவிடுகிறான். அந்தப் பைக்குக்கு அத்தனை பார்ட்ஸ் கிடையாது என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

*

அன்று விடிகிற நேரத்தில் மருமகள் கடை மேஜையில் புது பிளாஸ்டிக் கவர்களை அடுக்கினாள். பொட்டலம் மடிக்கும் பழைய செய்தித்தாள் கட்டு பரணுக்குப் போய்விட்டது. ஆர்டர் வந்த பிறகு அளந்துகொண்டிருந்தால் ஆறு நிமிஷம் எங்கே கிடைக்கும்? அரைக்கிலோ அரைக்கிலோவாக முன்னாலேயே ரொப்பி, வாயைச் சூடுவைத்து ஒட்டி, பெயர்ச் சீட்டு ஒட்டித் தயாராக வைக்க வேண்டும். மாமனார் ரொப்புவார், அவள் ஒட்டுவாள். அதுதான் ஏற்பாடு.

கடைக்காரருக்குச் செய்தித்தாள் இல்லாமல் கை ஓடவில்லை. இருந்தாலும் சின்னப் பெண் ஆசைப்படுகிறாளே என்று அரிசி மாவுத் தகரத்தை இழுத்து, அடி தட்டுகிற வரைக்கும் ரொப்பினார். எத்தனை பாக்கெட் என்று எண்ணவில்லை. அதோடு தனக்கு ஞாபகம் வந்த இன்னொரு சில்லறை வேலையையும் முடித்து, வரிசைக் கடைசியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

மருமகள் வந்து ஒட்ட ஆரம்பித்தாள். கடைசிப் பாக்கெட்டில் மட்டும் சிவப்பு நூல் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. மாமாவுக்குப் பழக்கம் விடவில்லை என்று நினைத்தாள். கோடவுனில் நூல் கட்டின பாக்கெட் போனால் சூப்பர்வைசர் முகத்தில் எறிவான். கத்தரிக்கோலால் நறுக்கி, குப்பைக்கூடையில் போட்டு, அதற்கும் சூடுவைத்து, அரிசி மாவு என்று சீட்டு ஒட்டி மற்றவற்றோடு அடுக்கினாள். வரிசை பார்க்க அழகாக இருந்தது. போனில் ஒரு படம்கூட எடுத்துக்கொண்டாள்.

ஏழு மணிக்கே போன் மணியடிக்கத் தொடங்கியது. பத்து மணிக்குள் இருபத்திரண்டு ஆர்டர். மனைவி கெஞ்சியதால் பக்கத்துத் தெருக்களுக்கு மகன் பைக்கில் பறந்தான், இந்தத் தெருவுக்கு மருமகள் நடந்தே கொடுத்தாள். கல்லாம்மா அடுப்புக்கும் கல்லாவுக்குமாக அலைந்தாள். நடுவில் குழம்பு இறுகவில்லை என்று ஒரு முறை சலித்துக்கொண்டாள். எத்தனை மாவு கரைத்து ஊற்றினாலும் தண்ணீராகவே நிற்கிறதாம். அதற்கும் ஸ்கேனரைத்தான் திட்டினாள். காலையிலேயே கடையைத் தலைகீழாக்கினால் குழம்பு எப்படி இறுகும் என்று கேட்டாள். ஆனால் இருபத்திரண்டு என்று கேட்டதும் முகம் மாறியதை மருமகள் பார்த்துவிட்டாள்.

பத்தரைக்கு மகன் சாப்பாட்டு டப்பாவை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினான். இன்றைக்கும் ஸ்பேர் பார்ட்ஸ். எப்போது வருவாய் என்று மனைவி கேட்டதற்கு மூன்று மணியாகும் என்றான். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. அவளுக்கு அது உறுத்தியது. ஆனால் போன் மறுபடி அடித்தது.

*

பதினொன்றரைக்கு அச்சாபீஸ்காரர் வந்தார். காகிதக் கட்டுகளுக்கு நடுவே கரப்பான் வராமல் தூவுவதற்கு மாதம் ஒரு தடவை அரைக்கிலோ போரிக் பொடி வாங்குவார். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, காலையிலேயே எடுத்து வைத்துவிட்டேன் என்று சொல்லி மேஜைப் பக்கம் திரும்பினார்.

திரும்பியவர் தேடினார். மேல்தட்டில் பார்த்தார், கீழ்த்தட்டில் பார்த்தார். பிறகு மருமகளிடம், சிவப்பு நூல் கட்டின பாக்கெட்டை எங்கே வைத்தாய் என்று சாதாரணமாகத்தான் கேட்டார்.

நூலை நறுக்கிவிட்டேன் மாமா, எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டுமே என்று அவளும் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

கடைக்காரர் குப்பைக்கூடையைப் பார்த்தார். வெங்காயச் சருகுக்கு மேலே சிவப்பு நூல் கிடந்தது. அவர் குனிந்து அதை எடுத்தார்.

"அது மாவு இல்லம்மா," என்றார். "கரப்பான் பொடி."

அந்தக் கடையில் வாயில் வைக்கக்கூடாத எந்தச் சரக்கும் சிவப்பு நூல் கட்டாமல் வெளியே போனதில்லை. எலி மருந்து, கரப்பான் பொடி, சலவைச் சோடா எல்லாவற்றுக்கும் சிவப்பு நூல்தான். கல்லாம்மாவுக்குத் தெரியும். மகனுக்கு நடக்கப் பழகும்போதே தெரியும். தெருவில் பாதிப் பேருக்குத் தெரியும். எட்டு மாதமாக அந்த வீட்டில் சோறு தின்கிற மருமகளுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவே இல்லை. நம் வீடுகளில் இது ஒரு வியாதி. வந்தவளுக்கு எல்லாம் தானாகத் தெரிந்திருக்க வேண்டும், தெரியாவிட்டால் அவள் குற்றம்.

மருமகள் மனசுக்குள் எண்ணினாள். ஒன்பது வீடு. அரிசி மாவு மட்டும் ஒன்பது வீட்டுக்குப் போயிருக்கிறது. அதில் நாலு பாக்கெட்டை அவளே கொண்டுபோய்க் கையில் கொடுத்திருக்கிறாள். சீக்கிரமா வந்தேன் பார்த்தீங்களா என்று சிரித்துவிட்டு வேறு வந்திருக்கிறாள்.

கல்லாம்மா கத்துவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் கத்தவில்லை. கல்லாவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினாள். முப்பது வருஷத்தில் பகலில் அது பூட்டப்பட்டது அன்றைக்குத்தான்.

"அழுறதெல்லாம் அப்புறம் வச்சுக்கலாம்," என்றாள். "ஒம்பது வீடும் எதெதுன்னு சொல்லு."

*

முதலில் அலமாரியில் மீதியிருந்த இரண்டு பாக்கெட்டையும் கடைக்காரர் கிழித்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு சிட்டிகை வைத்துத் தேய்த்தார். மருமகளின் விரலிலும் வைத்துத் தேய்க்கச் சொன்னார். அரிசி மாவு நறநறவென்று இருந்தது. கரப்பான் பொடி முகப்பவுடர் மாதிரி வழுக்கும் என்றார். இரண்டும் நறநறத்தன. அப்படியானால் வெளியே போயிருக்கிறது.

கல்லாம்மா போனை எடுத்தாள். ஒரு நம்பரும் அவள் பார்த்து அடிக்கவில்லை. பஸ் டிரைவரின் மனைவி இந்த நேரத்தில் மொட்டை மாடியில் துணி காயப்போடுவாள், போன் கேட்காது என்று கீழ்வீட்டுக்கு அடித்து மேலே ஓடச் சொன்னாள். நர்ஸ் வீட்டில் பகலில் யாரும் சமைப்பதில்லை, அதனால் அவள் கடைசி. இரட்டைக் குழந்தைக்காரி பன்னிரண்டுக்கு அடுப்பு மூட்டுவாள், அதனால் அவள் முதல். யார் வீட்டில் எத்தனை மணிக்கு உலை வைப்பார்கள், யார் வீட்டு மாவு வாங்கின அன்றே பிரிபடும், யார் வீட்டில் ஒரு வாரம் டப்பாவில் கிடக்கும், அத்தனையும் அந்தக் கல்லாவில் உட்கார்ந்தே அவள் தெரிந்து வைத்திருந்தாள். எந்தக் கோடவுனிலும் இந்தப் பாடம் கிடையாது என்று மருமகளுக்கு அந்த நேரத்திலும் தோன்றியது.

பிரிச்சுட்டியா, விரல்ல வச்சுத் தேய்ச்சுப் பாரு, வழுக்குதா நறநறங்குதா. இதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். கடைக்காரர் சைக்கிளில் இரண்டு வீட்டுக்குப் போனார். முட்டி வலி என்று ஒரு வருஷமாக அவர் சைக்கிளைத் தொட்டதில்லை. மருமகள் செருப்புக்கூட மாட்டாமல் மூன்று வீட்டுக்கு ஓடினாள். ஒவ்வொரு வாசலிலும் மூச்சு வாங்க நின்று, நான்தான் தப்புப் பண்ணிட்டேன், அந்த மாவைக் கொஞ்சம் கொண்டுவாங்க என்று கேட்டாள்.

டிரைவர் மனைவி, சொன்னதே பெரிசும்மா, நீ பதறாதே என்று தண்ணீர் கொடுத்தாள். சொந்தமாக மெஸ் நடத்துகிறவர் அவள் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்த பாக்கெட்டை விட்டெறிந்து, இனிமேல் உங்க கடை வாசலை மிதிக்கமாட்டேன் என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. நாற்பது பேருக்குச் சமைக்கிறவர்.

பன்னிரண்டே முக்காலுக்கு எட்டு வீடு முடிந்தது. எட்டும் நறநறத்தன. ஒன்பதாவது வீடு யாருக்கும் தெரியாது.

குரல் பதிவாக வந்த ஆர்டர் அது. புது நம்பர். காலையில் கேட்டபோது அதில் வித்தியாசமாக ஒன்றும் தோன்றவில்லை. இப்போது மருமகள் அதை மறுபடி போட்டாள். ஒரு பெண் மெதுவாகப் பேசினாள்.

"நேத்து வந்தீங்கல்ல, அதே வீடுதான். அரிசி மாவு அரைக்கிலோ வேணும். கொழந்தைக்குக் கஞ்சி காய்ச்ச. நல்லா நைஸா இருக்கணும்."

குழந்தைக்கு. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

நேற்று வழியில் கேட்டாள் என்று சாமான் கொண்டுபோய்க் கொடுத்தவனும் மகன்தான், இன்று போனவனும் மகன்தான். அவன் போன் அணைந்து கிடந்தது. அந்தப் பெண்ணின் நம்பரில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. ஒருவேளை குழந்தை தூங்குகிறது என்று சத்தத்தைக் குறைத்து வைத்திருக்கலாம். ஒருவேளை, என்று நினைத்த மருமகளுக்கு அதற்கு மேல் நினைக்கப் பயமாக இருந்தது. யார் பெற்ற குழந்தையோ. முகம்கூடத் தெரியாது.

கல்லாம்மா அந்தப் பதிவை வாங்கிக் காதோடு ஒட்டிக்கொண்டாள். ஒரு தரம், இரண்டு தரம், ஐந்து தரம் கேட்டாள்.

"பின்னாடி தையல் மெஷின் ஓடுது," என்றாள். "ஒண்ணு இல்ல, மூணு. மூணு மெஷின் வச்சிருக்கிறது நம்ம வாட்டர் டேங்க் சந்து டெய்லர் மட்டும்தான். அவன் மாடி போர்ஷன் போன மாசம்தான் வாடகைக்குப் போச்சு."

சொல்லி முடிப்பதற்குள் மருமகள் தெருவில் இருந்தாள்.

*

டெய்லர் கடை மாடிப்படி குறுகலானது. கடைசிப் படியில் தடுக்கி முழங்கால் சிராய்த்தது. கதவைத் தட்டாமல் இடித்தாள்.

கதவைத் திறந்த பெண்ணுக்கு இவள் வயதுதான் இருக்கும். இடுப்பில் ஒரு வயதுக் குழந்தை. கையில் சின்னக் கிண்ணம், அதில் ஸ்பூன். கிண்ணத்தில் வெள்ளையாகக் கஞ்சி இருந்தது.

மருமகள் கிண்ணத்தைப் பிடுங்கினாள். அந்தப் பெண் மிரண்டு குழந்தையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். குழந்தை வீரிட்டது. குடுத்துட்டீங்களா, எத்தனை ஸ்பூன் குடுத்தீங்க என்று கேட்டதற்கு, அந்தப் பெண் இரண்டு என்று விரலால் காட்டினாள்.

மாவுப் பாக்கெட் அடுப்பு மேடையில் வாய் பிரிந்து நின்றது. மருமகள் கையை விட்டு ஒரு சிட்டிகை எடுத்தாள். விரல் வியர்வையில் நனைந்திருந்தது. புடவையில் துடைத்துவிட்டு இன்னொரு சிட்டிகை எடுத்தாள். தேய்த்தாள்.

நறநறவென்று இருந்தது.

இன்னொரு முறை தேய்த்தாள். அரிசி மாவுதான். சுத்தமான அரிசி மாவு. அப்படியே சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அந்தப் பெண்ணும் என்ன ஏதென்று புரியாமலே அழுதாள். விஷயத்தைக் கேட்டபிறகு அவள் முகம் கல்லாகிவிட்டது. உங்க கடையில இருந்து இனிமே எனக்கு ஒண்ணும் வேண்டாம், கிளம்புங்க என்றாள். மருமகள் எழுந்து கும்பிட்டுவிட்டு இறங்கினாள். அந்தத் திட்டு அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. குழந்தை நன்றாக இருக்கிறது, அது போதும்.

பாதிப் படியில் நின்றாள்.

ஒன்பது வீடும் மாவு. அலமாரியில் இருந்த இரண்டும் மாவு. அப்படியானால் அந்தப் பாக்கெட் எங்கே?

*

கடையில் கல்லாம்மா அவள் முகத்தைப் பார்த்ததும், குழந்தைக்கு ஒன்றுமில்லையே என்றாள். இல்லை என்று கேட்டதும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். கடைக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். விரலில் இன்னும் அந்த நூலைச் சுற்றி வைத்திருந்தார்.

மருமகள் கணக்குச் சொன்னாள். நேராகக் கடைக்கு வந்து யாராவது அரிசி மாவு வாங்கினார்களா என்று கேட்டாள். காலையிலிருந்து ஒருத்தரும் வாங்கவில்லை என்று கல்லாம்மா அடித்துச் சொன்னாள். அவள் கண் தப்பி அங்கே ஒரு தீப்பெட்டி நகராது.

"யாரும் எடுக்கலன்னா எப்படி அத்தை? எடுத்திருக்காங்க. நல்லா யோசிச்சுப் பாருங்க."

கல்லாம்மா யோசித்தாள். சொந்த வீட்டுக்கு எடுப்பதை அந்தக் கடையில் யாரும் எடுப்பதாகவே நினைப்பதில்லை. போகிற போக்கில் கை நீட்டுவது, எடுப்பது, அடுக்களைக்குப் போவது. அதற்குப் பில்லும் கிடையாது, ஞாபகமும் கிடையாது.

அவள் அடுக்களைப் பக்கம் திரும்பினாள்.

"குழம்பு இறுகல," என்றாள்.

கடைக்காரர் நிமிர்ந்தார். மருமகளுக்குப் புரிய ஒரு நொடி ஆனது. பிறகு அடுக்களைக்கு ஓடினாள். மேடையின் ஓரத்தில் பாதி காலியான பாக்கெட் இருந்தது, அவளே ஒட்டின சீட்டோடு. அவள் விரலை விட்டாள். வழுக்கியது.

சட்டியில் குழம்பு அப்படியே இருந்தது. ஓடின ஓட்டத்தில் மூன்று பேரும் இன்னும் சாப்பிடவில்லை. சட்டியிலிருந்து ஒரே ஒரு ஆளுக்குத்தான் எடுத்து ஊற்றியிருந்தது. அது பத்தரை மணிக்கு டப்பாவில் போனது.

எத்தனை கரண்டி போட்டீங்க என்று மருமகள் கேட்டாள். கல்லாம்மா விரல் விட்டு எண்ணினாள். இரண்டு கரண்டி, இறுகவில்லை என்று இன்னும் இரண்டு, அப்புறம் கோபத்தில் ஒன்று. தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கடைக்காரர் மகனுக்குப் போன் போட்டார். அணைத்திருந்தது. மறுபடி போட்டார். மருமகள் அவள் போனிலிருந்து போட்டாள். எங்கே போயிருக்கிறான் என்று மாமனார் கேட்டார். தெரியாது என்று சொல்லும்போதுதான் அது எவ்வளவு பெரிய தெரியாது என்று அவளுக்கு உறைத்தது. யார் யார் வீட்டிலோ எத்தனை மணிக்கு உலை என்று தெரிந்த அந்த வீட்டில், மகன் தினமும் எங்கே போகிறான் என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை.

மணி ஒன்றே முக்கால்.

அப்போது கடை போன் அடித்தது. மகன் நம்பர். கல்லாம்மா பாய்ந்து எடுத்தாள்.

அவன் குரலில் சந்தோஷம் வழிந்தது. திட்டக்கூடாது என்று ஆரம்பித்தான். இத்தனை நாள் சொல்லாதது தப்புத்தான், ஆனால் வேலை கிடைத்துவிட்டது, பின்தெரு கோடவுனில், அதே ஆரஞ்சுக் கம்பெனியில், சூப்பர்வைசர் வேலை. அப்பாவிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்று பேசிக்கொண்டே போனான்.

வேறொரு நாளாக இருந்தால் இந்தச் செய்தியில் அந்த வீடு இரண்டாகியிருக்கும். கல்லாம்மா காதில் ஒரு வார்த்தை விழவில்லை. பிள்ளையிடம் தினமும் முதலில் கேட்கிற கேள்வி ஒன்று அவளுக்கு உண்டு. இருபத்தெட்டு வருஷமாகக் கேட்கிற கேள்வி. அதை இன்றைக்குத்தான் பயந்துகொண்டு கேட்டாள்.

"சாப்பிட்டியாப்பா?" என்றாள்.

"சாப்பிட்டேம்மா. சரியான பசி, டப்பாவை வழிச்சுச் சாப்பிட்டேன். இங்க புதுசா சேர்ந்த ரெண்டு பேருக்கும் குழம்பு குடுத்தேன்," என்றான். "வயித்தைத்தான் லேசாப் பெரட்டிக்கிட்டே இருக்கு. சந்தோஷத்துல இருக்கும்."